யாரும் பார்க்காத வாய்

1

2024 ஒக்ரோபர் 8, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். மழை. வெளியே ஏழு பாகை. தேநீர், இரண்டு துண்டு பாண், ஒரு முட்டை. ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு வரவேண்டிய பேருந்து நான்கு நிமிடம் பிந்தியது. ஆறரைக்குத் தபால் பிரிக்கும் நிலையத்தில் அட்டையைத் தட்டி உள்ளே போனேன். பத்து மணிவரை பொதிகள், அதன் பிறகு கடிதங்கள். கடிதங்கள் வருடா வருடம் குறைகின்றன, பொதிகள் கூடுகின்றன. என் முதுகுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. இரண்டரைக்குப் பல் வைத்தியர்.

நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு சிறு துறைமுக நகரில் இருக்கிறேன். வந்து இருபத்திரண்டு வருடம். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் உட்துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அங்கேயும் ஒரு துறைமுகம் கிடைத்ததே என்று ஊரில் சந்தோசப்பட்டார்கள். இங்கே கடலருகே போவதற்கு மூன்று உடுப்பு போடவேண்டும் என்பதை நான் அவர்களுக்கு எழுதவில்லை.

ஒவ்வொரு ஒக்ரோபரிலும் பல் வைத்தியரின் அலுவலகத்திலிருந்து கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும். திகதி, நேரம், வருவதாக இருந்தால் ஓர் எழுத்தை அனுப்புங்கள். வராவிட்டாலும் கட்டணம் உண்டு. வந்த புதிதில், முதல் முறை போனபோது, ஒரு படிவம் தந்தார்கள். கடைசியாகப் பல் வைத்தியரிடம் போனது எப்போது என்று ஒரு கேள்வி. பன்னிரண்டு வயதில் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிய வருடத்தை எழுதினேன். வரவேற்பு மேசைப் பெண் அதைப் பார்த்து, “அதற்குப் பிறகு?” என்று கேட்டார்.

“அதற்குப் பிறகு நோகவில்லை,” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்கவேண்டும். நான் பகிடி விடவில்லை. எங்கள் வீட்டில் பல் வைத்தியர் என்ற சொல்லையே யாரும் சொன்னதில்லை. ‘பல்லுப் பிடுங்கிறவர்’ என்றுதான் சொல்வோம். பிடுங்க எதுவும் இல்லாதபோது அவரிடம் எதற்குப் போவது?

2

பத்தொன்பது வருடமாக என்னைப் பார்ப்பவர் அதே வைத்தியர். இப்போது அவருக்கும் தலை நரைத்துவிட்டது. பற்களைப் பார்த்து முடித்ததும் அவர் ஒரு காரியம் செய்வார். என் நாக்கின் நுனியை ஒரு சிறு துணியால் பிடித்து, இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். பிறகு நாக்கை மேலே தூக்கச் சொல்வார். இரண்டு கன்னங்களின் உட்பக்கத்தையும் விரலால் தடவுவார். தாடைக்குக் கீழே கழுத்தை அமர்த்துவார். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் வராது. வீட்டுக்கு வந்து நாட்குறிப்பில் ‘பல்: குறையில்லை’ என்று எழுதுவேன். பத்தொன்பது கொப்பியிலும் அது இருக்கிறது. ஏன் நாக்கை இழுக்கிறார் என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. வாய்க்குள் மற்றவரின் விரல் இருக்கும்போது எனக்கு எந்த மொழியும் வருவதில்லை.

இன்று அவருடைய விரல் வலது கன்னத்தில் நின்றது. “இங்கே ஒரு சின்னப் புண் இருக்கிறது. எத்தனை நாள்?”

“வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது கடித்தேன்.”

“சரி. இரண்டு கிழமைக்குள் ஆறாவிட்டால் திரும்ப வாருங்கள். மறக்கவேண்டாம், எழுதி வையுங்கள்.”

எழுதி வைப்பது எனக்குச் சிரமமில்லை. ஆனால் ஒரு கடித்த புண்ணுக்கு ஏன் திகதி குறிக்கிறார்? கேட்டேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். வாய்க்குள் வரும் புற்றுநோய் பெரும்பாலும் முதலில் வலிக்காது. ஒரு வெள்ளைப் படலமாக இருக்கும், சில வேளை சிவப்பாக இருக்கும், அல்லது ஆறாத ஒரு புண்ணாக இருக்கும். பெரும்பாலான புண்கள் ஒன்றுமில்லாதவைதான். ஒன்றுமில்லாததா இல்லையா என்று தெரிய யாராவது பார்த்தாகவேண்டும். நேரத்தோடு கண்டால் சின்ன வேலையோடு முடியும்.

“இத்தனை வருடமும் அதைத்தான் பார்த்தீர்களா?”

“ஒவ்வொரு முறையும்.”

நான் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தேன். பிறகு, எனக்குத் தெரிந்த நோர்வீஜிய மொழியில் இரண்டு பிழை விட்டு, ஒரு கேள்வி கேட்டேன். பல்லே இல்லாத ஒருவர், முழுக் கட்டுப்பல் போட்டவர், அவரும் வரவேண்டுமா? அவர் வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் போடுகிறவர். பாக்குக்கு இங்கே என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. “நாங்கள் மெல்லும் ஒரு கொட்டை,” என்றேன். அவருக்கு விளங்கியது.

“அவர் கட்டாயம் வரவேண்டும். பல் உள்ளவருக்குப் பல் நொந்தாலாவது யாரோ ஒருவர் வாயைத் திறந்து பார்ப்பார். அவருடைய வாயை யார் பார்ப்பது?”

3

பேருந்தில் வரும்போது கைப்பையிலிருந்து இந்த வருட நாட்குறிப்பை எடுத்தேன். ஜூலையில் மூன்று கிழமை ஊரில் நின்றேன். ஓர்ஸ் ஹில்லில், என் அக்கா செல்வராணியின் வீட்டில். அக்காவுக்கு அறுபத்தொரு வயது. அவருடைய கணவர், என் அத்தான் மரியதாஸ், உட்துறைமுகக் கரையில் படகு திருத்துகிறவர். இன்னமும் காலையில் போகிறார்.

ஜூலை 14: ‘பூசைக்குப் போய் வந்து இடியப்பம். அக்கா கீழ்க் கட்டுப்பல்லைக் கழற்றிவிட்டுத் தனியாகச் சாப்பிட்டார். இடப்பக்கம் உரசுகிறதாம்.’

ஜூலை 17: ‘அத்தான் கட்டுப்பல்லின் விளிம்பை சான்ட் பேப்பரால் தேய்த்துக் கொடுத்தார். 20 நிமிடம்.’

ஜூலை 23: ‘மீன் குழம்பு. உறைப்புக் குறைவு. அக்காவுக்கு வாய் எரிகிறதாம். சூடு என்றார். இளநீர் மூன்று வாங்கினேன்.’

ஜூலை 29: ‘அத்தான் மறுபடியும் கட்டுப்பல் தேய்த்தார்.’

தேய்க்க எடுத்த நிமிடங்களைக்கூட எழுதியிருக்கிறேன். இளநீரை எண்ணியிருக்கிறேன். நான்கு குறிப்பையும் சேர்த்து ஒரு தடவை வாசிக்கவில்லை.

அக்கா வீட்டில் இருந்து தைப்பவர். பள்ளிக்கூடச் சீருடைகள், கோயில் பீடத் துணிகள், நிலாவெளிப் பக்கத்திலிருந்து வரும், பிள்ளைகள் முதல் நன்மை வாங்கும் பூசைக்குப் போடும் சட்டைகள். தைக்கும்போது வாயின் வலப்பக்கத்தில் குண்டூசிகள் இருக்கும், இடப்பக்கத்தில் வெற்றிலை. இரண்டையும் வைத்துக்கொண்டே கதைப்பார். சின்ன வயதில் நான் அதைப் பார்த்து அதிசயப்பட்டிருக்கிறேன். எட்டு வருடத்துக்கு முன் எல்லாப் பற்களும் ஆடி, பிடுங்கி, முழுச் செட் கட்டினார்கள். அந்த முறையும் நான் லீவில் நின்றேன். கட்டுப்பல் போட்டுக்கொண்டு ஓட்டோவில் திரும்பும்போது நான்தான் சொன்னேன், “இனி உங்களுக்குப் பல் டொக்டரே தேவையில்லை, அக்கா. விடுதலை.” அக்கா புதுப் பல்லோடு சிரித்தார். ஓட்டோக்காரரும் சிரித்தார். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

வெற்றிலையை அவர் விடவில்லை. கடிக்கமுடியாததால் பாக்கை ஒரு சின்ன இரும்பு உரலில் இடித்து, புகையிலைத் துண்டோடு அதே இடப்பக்கக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்.

4

நான்கு இருபதுக்கு வீட்டுக்கு வந்தேன். மனைவிக்கு மாலை வேலை. மகள் மதுரா வந்திருந்தாள். இருபத்தொரு வயது. வேறு நகரத்தில் படிக்கிறாள். இலையுதிர் விடுமுறைக்கு ஐந்து நாள் வந்தவள், அதில் மூன்று நாளைச் சிநேகிதிகளுக்குப் பங்கிட்டுவிட்டாள். பன்னிரண்டு வயதில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்தியவள். நான் தமிழில் கேட்பேன், அவள் நோர்வீஜிய மொழியில் பதில் சொல்வாள். இரண்டு பேருமே அதோடு சமாதானமாகிவிட்டோம். என் அக்காவோடு அவள் கதைப்பது ‘மாமி, சுகமா?’, ‘சாப்பிட்டீங்களா?’ என்ற இரண்டு கேள்விகளோடு முடியும்.

நான்கு நாற்பதுக்கு வீடியோவில் அழைத்தேன். அங்கே இரவு எட்டு பத்து. அக்கா சாப்பாட்டு மேசையில் இருந்தார். முன்னால் கரைத்த சோறு. அரிசியைக் கஞ்சிபோலக் குழைய விட்டிருந்தார்கள்.

“என்ன தம்பி, கிழமை நாளிலை? ஞாயிறு எண்டுதானே எங்கட கணக்கு.”

“அக்கா, வாய் உரசினது மாறிட்டுதே?”

“அதோ? அது கிடக்குது. அத்தான் மூண்டாந்தரமும் தேச்சுத் தந்தவர்.”

அத்தான் பக்கத்திலிருந்து முகத்தைக் காட்டினார். “படகு அடிக்குக்கூட நான் உப்பிடித் தேய்க்கேல்லைத் தம்பி. கையை வச்சால் வழுக்குது. இனி அதிலை தேய்க்க ஒண்டுமில்லை.”

“கட்டுப்பல்லைத் தேச்சீங்கள் அத்தான். புண்ணைப் பாத்தீங்களா?”

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா சோற்றைப் பார்த்தார்.

“அவ காட்டமாட்டா,” என்றார் அத்தான். “பல்லைக் கழட்டினால் மற்றப் பக்கம் திரும்பிடுவா. எட்டு வருசமாய் எனக்கே காட்டேல்லை. கழுவிறதும் கதவைப் பூட்டிப்போட்டு. நான் கண்டது கையிலை தாற செட்டைத்தான்.”

“பின்னை என்ன,” என்றார் அக்கா, “பொக்கை வாயைக் காட்டிக்கொண்டு திரியிறதோ?”

நான் வைத்தியர் சொன்னதைச் சொன்னேன். ஆறாத புண், வெள்ளை, சிவப்பு, வெற்றிலை, பாக்கு, புகையிலை. கொப்பியைப் பார்த்துத் திகதிகளையும் சொன்னேன். ஜூலை 14 இலிருந்து எண்ணினால் பன்னிரண்டு கிழமை. நாளைக்கே ஆசுபத்திரிப் பல் கிளினிக்குக்குப் போகவேண்டும் என்றேன்.

அக்கா சிரித்துவிட்டார். “பல்லில்லாத ஆளுக்குப் பல் கிளினிக்கோ? நம்பர் குடுக்கிற பிள்ளை எந்தப் பல்லு எண்டு கேட்டால் என்னத்தைச் சொல்லுறது? செட்டைக் கழட்டி மேசையிலை வச்சு இதிலை பாருங்கோ எண்டோ?”

“அக்கா, இது பகிடியில்லை.”

“நீதானே சொன்னனீ, இனிப் பல் டொக்டர் தேவையில்லை எண்டு. ஓட்டோவிலை. விடுதலை எண்டனீ.”

“ஓம். சொன்னனான். பிழையாச் சொல்லிட்டன்.”

பிறகு அக்கா காரணங்களை அடுக்கினார். நிலாவெளிச் சட்டைகள் ஒன்பதும் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியவேண்டும். விடியவே போய் வரிசையில் நிற்க ஏலாது, முழங்கால். வலியென்று ஒன்றுமில்லை, எரிவு மட்டும்தான். எரிவு சூட்டுக்கு.

அத்தான்தான் குறுக்கே பேசினார். குரலை உயர்த்தவில்லை. “அண்ணரும் சூடு எண்டுதான் சொன்னவர்.”

அத்தானின் அண்ணர் வெருகலில் தோட்டம் செய்தவர். கன்னத்தில் ஒரு புண் என்று சொல்லிக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் தோளில் துவாயோடு திரிந்தார். கேட்டால் துவாயால் வாயைப் பொத்திக்கொள்வார். விழுங்க ஏலாமல் வந்த பிறகுதான் காட்டினார். கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். அந்த வீட்டில் நோயின் பெயரை இன்றுவரை யாரும் சொல்வதில்லை. நானும் அந்த வருடக் கொப்பியில் ‘சுகவீனம்’ என்றுதான் எழுதியிருக்கிறேன்.

“அந்தக் கதை இப்ப எதுக்கு?” என்றார் அக்கா. சொல்லிவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

5

மதுரா என் பின்னால் நின்றிருக்கிறாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எவ்வளவு விளங்கியது என்றும் தெரியாது. என் கையிலிருந்து கைபேசியை எடுத்தாள்.

“மாமி. எனக்குக் காட்டுங்கோ. நான் சிரிக்க மாட்டன்.”

அக்கா திகைத்துப்போனார். இரண்டு கேள்விகளுக்கு மேல் இந்தப் பிள்ளை அவரோடு கதைத்ததில்லை. “உங்களுக்கு என்னத்துக்கு அம்மா இதெல்லாம்?”

“காட்டுங்கோ. அப்பாவுக்கு இல்லை. எனக்கு மட்டும்.”

நான் குறுக்கிடவில்லை. குறுக்கிட்டிருந்தால் கெட்டிருக்கும். அக்கா கொஞ்சம் யோசித்தார். பிறகு கைபேசியைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. “இது குசினி. மாமா வரமாட்டார். உங்கட அப்பா பாக்கக்கூடாது, சரியே?”

மதுரா மற்ற அறைக்குப் போனாள். நான் சாப்பாட்டு மேசையில் இருந்தேன். எனக்கு இருவரின் குரல் மட்டும் கேட்டது. முதலில் அக்காவின் வழக்கமான குரல், பிறகு பல் இல்லாத குரல். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மதுரா மிகப் பொறுமையாக, தனக்குத் தெரிந்த சொற்களை வைத்துக்கொண்டு, “லைட் போடுங்கோ. இன்னும் கிட்ட. கன்னத்தை இழுங்கோ. மற்றப் பக்கம். இழுங்கோ மாமி,” என்று சொன்னாள். நான் எழுந்து தேநீர்க் கோப்பையைக் கழுவினேன். கழுவிய கோப்பையை மறுபடியும் கழுவினேன்.

நான்கு நிமிடத்தில் வந்தாள். கைபேசியின் ஒலிவாங்கியைப் பெருவிரலால் மூடிக்கொண்டு என்னிடம் நோர்வீஜிய மொழியில் சொன்னாள். இடது கன்னத்தில், கட்டுப்பல் முட்டும் இடத்துக்கு மேலே, ஒரு வெள்ளைப் படலம் இருக்கிறது. அதன் ஓரத்தில் சிவப்பு. நடுவில் புண். “எனக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் இது தேய்த்ததால் வந்த காயம் மாதிரி இல்லை.”

பிறகு விரலை எடுத்து, தமிழில் சொன்னாள். “மாமி, வெள்ளை இருக்கு. சிவப்பும் இருக்கு. என்னண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச ஆள் பாக்கோணும். நாளைக்குப் போங்கோ.”

“நாளைக்கோ?”

“நாளைக்கு. சட்டை பிறகு தைக்கலாம்.”

அக்கா ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. “உங்கட தமிழ் நல்லாய்த்தானே இருக்குது,” என்றார், அந்தப் புதுக் குரலில். பிறகுதான் கட்டுப்பல் இல்லாமல் கதைத்தது ஞாபகம் வந்திருக்கவேண்டும், இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

6

இரவுச் சாப்பாட்டுக்கு முன், ஊருக்கு அனுப்புவதற்காக இதை எழுதுகிறேன். முன்பெல்லாம் ஊருக்கு எழுதும்போது இந்த நாட்டின் ஒழுங்கைப் பற்றி எழுதுவேன். இப்போது அதைச் சொல்லவும் அலுப்பாக இருக்கிறது. ஒரு குறுஞ்செய்தி வருகிறது, நான் போகிறேன், யாரோ என் நாக்கை இழுத்துப் பார்க்கிறார்கள். என் கெட்டித்தனம் ஒன்றும் அதில் இல்லை. வராவிட்டாலும் கட்டணம் என்பதால் போனவன் நான். அப்படிப் போனபோதும், இரண்டு நிமிடத்தில் நடந்த அந்தக் காரியம் என்னவென்று கேட்காமல் வந்தவன். கேட்டிருந்தால், ஜூலையில் அக்கா கட்டுப்பல்லைக் கழற்றி வைத்த அன்றே பெரிய ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பேன். ஓர்ஸ் ஹில்லிலிருந்து ஓட்டோவில் போய்ச்சேர அதிக நேரம் பிடிக்காது. நான் இளநீர் வாங்கப் போனேன்.

எனவே ஊரில் இதை வாசிப்பவர்களிடம் நேராகவே சொல்கிறேன். பல் நொந்தாலும் நோகாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை போங்கள். போனால், பல்லோடு சேர்த்துக் கன்னத்தின் உட்பக்கத்தையும் நாக்கின் இரு கரைகளையும் நாக்குக்குக் கீழேயும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. இரண்டு மூன்று கிழமையில் ஆறாத புண், வழித்தாலும் போகாத வெள்ளை, சிவப்புத் திட்டு, வாய் முன்னைப்போல அகலத் திறக்காமல் வருவது, காரம் பட்டால் எரிவது, இவற்றில் எது இருந்தாலும் வருடம் முடியக் காத்திருக்க வேண்டாம். வெற்றிலை, பாக்கு, புகையிலை, சிகரெட், சாராயம் பழகியவர்கள் முன்னுக்குப் போங்கள். பல் ஒன்றுகூட இல்லாதவர்களும் போங்கள். கட்டுப்பல் உரசினால் கட்டுப்பல்லைத் தேய்க்காதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு நல்ல மனுசன் மூன்று மாதமாக, படகு திருத்தும் கையால், பிழையான பொருளை மிக நேர்த்தியாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு என்ன என்று இதை எழுதும்போது எனக்குத் தெரியாது. ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். நாளைக்கு அவர் போவாரா என்பதும் தெரியாது. மதுரா இரண்டு முறை அவருக்குச் செய்தி அனுப்பினாள். தமிழில், ஆங்கில எழுத்துகளில். பதில் இல்லை. சிநேகிதிகளோடு வெளியே போகவேண்டிய மாலையை அவள் ரத்துச் செய்துவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

7

ஒக்ரோபர் 9, புதன்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். தேநீருக்குத் தண்ணீர் வைக்கவில்லை. முதல் வேலையாக அத்தானின் இலக்கத்துக்கு அழைத்தேன். அங்கே எட்டு நாற்பது. பின்னால் ஒரே சனச்சத்தம். யாரோ இலக்கம் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வந்திட்டம் தம்பி. ஆறு மணிக்கே வந்து துண்டு எடுத்தனான். எங்களுக்குப் பதினாலு. இப்ப பதினொண்டு போகுது.”

“அக்கா?”

“பக்கத்திலை வாங்கிலை இருக்கிறா.” குரலைத் தாழ்த்தினார். “எந்தப் பல்லு எண்டு நம்பர் குடுக்கிற பிள்ளை கேட்கமுந்தி இவவே செட்டைக் கழட்டிட்டா. கைலேஞ்சிக்குள்ளை சுத்தி மடியிலை வச்சிருக்கிறா. வாயைப் பொத்தேல்லை.”